ஹட்டனில் இரண்டு நாளும் ஒரு பேரேடும்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் என் பூட்டனாரின் கடைப் பேரேடு ஒன்று, பச்சைத் துணி அட்டையோடு, பூச்சி அரித்த ஓரங்களோடு கிடக்கிறது. கீழக்கரையிலிருந்து கடல் தாண்டிப் போய் இலங்கையில் ஹட்டன் நகரத்தில் அவர் ஒரு புடவைக் கடை வைத்திருந்தார். 1974இல் கடையை மூடிவிட்டு ஊர் திரும்பினார். ஏன் மூடினார் என்று கேட்டால் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: “தோட்டத்துச் சனம் கடனைக் கொடுக்காமக் கப்பலேறிட்டாங்க.” வாய்ப்பாடு போல நானும் அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அந்தச் சனம் யார், ஏன் கப்பலேறினார்கள் என்று கேட்டதில்லை.

சென்ற ஆண்டு மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் கண்டிக்கு அருகே படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. எனக்கு வயது 19. தனியாக உம்மாவை விட்டுப் பிரிந்தது அதுதான் முதல் முறை. அறைத் தோழி மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். “வீட்டுக்கு வாயேன், ரெண்டு நாள்தானே” என்று அவள் கூப்பிட்டபோது வாப்பாவிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டேன். வாப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அட்டனா? பூட்டனார் பேரேட்டுல ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புறேன். கடை இருந்த இடம் தெரியுதான்னு பாரு” என்றார்.

போவதற்கு முன் எனக்கு என்ன தெரியும் என்று எண்ணிப் பார்த்தேன். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ பாடத்தில் இருந்தது. ‘பரதேசி’ படம் பார்த்திருந்தேன். அது வால்பாறைக் கதை. பாரதியாரின் கரும்புத் தோட்டம் பிஜித் தீவில் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து எழுதிய ஒருவரையும் நான் வாசித்திருக்கவில்லை. சி. வி. வேலுப்பிள்ளையின் பெயரை அங்கே போய்த்தான் கேள்விப்பட்டேன். 1914இல் வட்டகொடைக்கு அருகே மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர். தோட்டத்து மக்களின் பாடல்களை அலைந்து சேகரித்து நூலாக்கியவர். தமிழிலக்கியம் படிக்கும் நான் அவரைத் தெரியாமல் இரண்டாம் ஆண்டு வரை வந்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளிக்கிழமை பிற்பகல் கண்டியில் ரயிலேறினோம். ரமளானின் முதல் வாரம் அது. பயணத்தில் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு நோற்கச் சலுகை உண்டு. ஆனாலும் பிடித்திருந்தேன். கம்பளை, நாவலப்பிட்டி என்று நிலையங்கள் போயின. நாவலப்பிட்டி தாண்டியதும் ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறத் தொடங்குகிறது. இரு பக்கமும் தேயிலை. அழகுதான், மறுக்கவில்லை. பெட்டியில் இருந்த வெளிநாட்டுப் பயணிகள் கதவில் தொங்கிக்கொண்டு படமெடுத்தார்கள். தோழி மட்டும் சன்னல் பக்கம் திரும்பாமல் தூங்கிவிட்டாள்.

அந்த இருப்புப் பாதை நாவலப்பிட்டிக்கு 1874இலும் ஹட்டனுக்கு 1884இலும் வந்தது. தேயிலைக்கு முன்னால் அந்த மலைகளில் காப்பி இருந்தது. காப்பி பறிப்பு பருவ வேலை. ஆகவே திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரப் பக்கங்களிலிருந்து ஆட்கள் கங்காணியோடு வந்து, பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். பாம்பன், தேவிபட்டினம், தொண்டிப் பக்கமிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். நீரின்மையும் காலராவும் காய்ச்சலும் அந்த வழியில் எத்தனையோ பேரைத் தின்றன. 1869இல் காப்பி இலையில் ஒரு பூஞ்சண நோய் தென்பட்டது. சில ஆண்டுகளில் காப்பி அழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1867இலேயே லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அந்தப் பயிர்தான் பிறகு மலைகளைப் பிடித்தது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து விடும் செடி. ஏழு நாளைக்கு ஒருமுறை, அதற்கு முன்பின்னாகவாவது, அதே செடியிடம் திரும்பி வந்தாக வேண்டும். பறிக்கிறவள் ஊர் திரும்ப முடியாது. வந்து போகிறவர்களாக இருந்த மக்களைக் குடியிருப்பவர்களாக ஆக்கியது அந்தச் செடியின் இயல்பு.

ஹட்டன் நிலையத்தில் இறங்கினால் ஒரே கூட்டம். சிவனொளிபாத மலைக்குப் போகும் பருவம். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே பௌர்ணமி வரை. பௌத்தர்களுக்கு அது புத்தரின் பாதம், சைவர்களுக்குச் சிவனின் பாதம், நமக்கு பாவா ஆதமின் மலை. இப்னு பதூதா 1344இல் அந்த மலையில் ஏறியிருக்கிறார். அன்றிரவு தோழியின் வீட்டு வாசலிலிருந்து பார்த்தேன். இருட்டில் மலை தெரியவில்லை. படிக்கட்டு விளக்குகள் மட்டும் வானத்தில் ஏணி சாத்தியது போல இருந்தன.

வீடு என்றேன். அவர்கள் ‘லயம்’ என்பார்கள். வரிசை என்ற பொருளுள்ள ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல் ‘லயன்’ ஆகி, லயமும் ஆயிற்று. ஒரு கூரையின் கீழ் சுவருக்குச் சுவர் ஒட்டிய அறைகள். அறைக்குப் பெயர் ‘காம்பரா’, போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். சுமார் 10 அடிக்கு 12 அடி. முன்னால் இருக்கும் சிறு திண்ணை ‘இஸ்தோப்பு’, அது டச்சுக்காரர் சொல். தண்ணீர் விழும் இடம் ‘பீலி’. மலையிலிருந்து மூங்கிலில் நீர் இறக்கிய காலத்துப் பெயர் குழாய் வந்த பிறகும் மாறவில்லை. காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் இடம் ‘பிரட்டுக்களம்’. ‘பரேட்’தான் பிரட்டு ஆனது. இராணுவத்தில் அணிவகுப்புக்கு வைத்த பெயரைத் தொழிலாளிக்கு வைத்தவர் யாரோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார். தேயிலையைக் கத்தரித்து மட்டமாக்குவது ‘கவ்வாத்து’. தொழிற்சாலை ‘ஸ்டோர்’. குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் ‘பிள்ளைக் காம்பரா’. ஒரு குறிப்பேட்டில் இவற்றை எழுதிக்கொண்டே போனேன். இத்தனை அந்நியச் சொற்களும் வேலைக்கும் இருப்பிடத்துக்கும் உரியவை. சோறு, துணி, தாய், மாமன், சாவு, கலியாணம் என்று வரும்போது அவர்கள் பேச்சு நம் புதுக்கோட்டைப் பக்கத்துப் பேச்சாகவே இருக்கிறது. யாழ்ப்பாணத் தோழிகளின் தமிழ் எனக்குப் பிடிபட ஒரு மாதமாயிற்று. இந்த வீட்டில் முதல் நிமிடத்திலேயே “வா புள்ள, காலு கழுவிட்டு உள்ள வா” என்றார்கள்.

தோழியின் தந்தை கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், மாதம் ஒருமுறை வருவார். வீட்டில் தாயும், தாயின் தாயும், ஒரு தம்பியும். மூதாட்டியை எல்லோரும் அம்மாயி என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். எழுபது வயதைத் தாண்டியவர். விரல் நுனிகளில் கொழுந்துக் கறை தோலோடு தோலாகிவிட்டிருந்தது.

சஹருக்கு எழுவதை நினைத்துச் சங்கடமாக இருந்தது. பிறர் வீட்டில் நான்கு மணிக்கு விளக்கைப் போடுவதா? போடத் தேவையிருக்கவில்லை. கண் விழித்தபோது தோழியின் தாய் அடுப்பில் தேங்காய் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். “நாங்க எப்பவும் இந்நேரம் எந்திரிக்கிறதுதான். இன்னிக்கு நீ தொணைக்கு இருக்க” என்றார். காலைச் சாப்பாடு, பிள்ளையின் சாப்பாடு, மலைக்குக் கொண்டு போகும் சாப்பாடு என்று மூன்றையும் முடித்துவிட்டுத்தான் அவர் பிரட்டுக்குப் போக வேண்டும். ரொட்டியும் கட்டைச் சம்பலும் தின்றேன். அந்தச் சம்பல் உறைப்பை நோன்பு திறக்கும் வரை மறக்க முடியவில்லை.

சனிக்கிழமை அவரோடு மலைக்குப் போனேன். இடுப்பில் படங்கைச் சுற்றிக் கட்டினார்கள். பனியில் நனைந்த செடிகள் உடுப்பை நனைக்காமல் இருக்கவும், கிளைகள் கிழிக்காமல் இருக்கவும் அது. முன்பு மூங்கில் கூடை, இப்போது பெரும்பாலும் பை. கயிற்றைத் தலையில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை. செடியின் மேல் ஒரு கம்பைக் கிடத்தி, அந்த மட்டத்துக்கு மேலே நிற்கும் கொழுந்தை மட்டும் கிள்ளுகிறார்கள். இரண்டு இலை, நடுவே ஒரு மொட்டு. நானும் கிள்ளிப் பார்த்தேன். ஒன்று கிள்ளுவதற்குள் அவர் ஏழெட்டுக் கிள்ளிவிடுகிறார், அதுவும் கையைப் பார்க்காமல். சரிவில் நிற்பதே ஒரு வேலை. இரண்டு அட்டைகள் என் காலில் ஏறின. எனக்கு அலறல், அவர்களுக்குச் சிரிப்பு.

ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ அளவுக்குப் பச்சைக் கொழுந்து வேண்டும். அன்றைய சம்பளம் கிடைக்கத் தோட்டம் சொல்லும் கிலோவைப் பறித்தாக வேண்டும். குறைந்தால் ‘அரைப் பேர்’. நிறுக்கும்போது பையின் எடைக்கும் ஈரத்துக்கும் என்று சில கிலோவைக் கழிப்பார்கள். “மழ பேஞ்சா ஈரத்துக்கு வெட்டுவாங்க. வெயில் அடிச்சாலும் வெட்டுவாங்க” என்றார் ஒரு பெண். நாள் சம்பளம் 1000 ரூபாய் வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடி 2021இல்தான் அது சட்டப்படி வந்தது. 2024 செப்டெம்பரில் 1350 ஆயிற்று. இலங்கை ரூபாயில் என்பதை நம் வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். நம் பணத்தில் அது 400 ரூபாய் அளவுக்குத்தான் வரும். அன்று மார்ச் 8. மகளிர் தினச் சுவரொட்டி ஒன்றை முதல் நாள் ஹட்டனில் பார்த்திருந்தேன். மலையில் யாருக்கும் அது நினைவில்லை, எனக்கும் மாலையில்தான் நினைவு வந்தது.

மதியம் அவர்கள் சாயத்தண்ணி குடிக்க உட்கார்ந்தார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே தேத்தண்ணி குடிக்காமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான். பிற்பகல் ஸ்டோரையும் பார்த்தேன். கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைத்து நிறம் மாற்றி, உலர்த்தி, சலிக்கிறார்கள். விரிவாக எழுத இடமில்லை. அந்த மணத்தை எழுதவும் எனக்குத் தெரியவில்லை.

மாலையில் லயத்தின் முன்னால் காமன் கம்பம் நட்டிருந்த இடத்தைக் காட்டினாள் தோழி. மாசி மாதம் வளர்பிறையில் காமனை நட்டு, ரதி மன்மதன் கதையைப் பாடி ஆடி, பௌர்ணமிப் பக்கம் எரிப்பார்கள். ரதியாக ஆடுவதும் ஆண்தான். ஒத்திகை நடந்தது. தப்பு அடித்தவர் பகலில் கவ்வாத்து வெட்டுகிறவர். தமிழகத்தில் இது சில ஊர்களில் இன்னும் இருக்கிறது என்று நம் பேராசிரியர் வகுப்பில் சொன்னது நினைவு வந்தது. தோணியில் வந்தவர்கள் மூட்டையில் எதையும் கொண்டு வந்திருக்க முடியாது. கதையும் தாளமும் மட்டும் எடை இல்லாதவை.

நோன்பு திறக்க நான் கொண்டு வந்த பேரீச்சம்பழம் இருந்தது. அம்மாயி ஒரு கிண்ணத்தில் கஞ்சியை வைத்தார். “ஒங்க கஞ்சி மாதிரி இருக்காது. அந்தக் காலத்துல அட்டன் டவுனுக்குப் போனா நோம்பு நாள்ல பாய்மாரு கஞ்சி ஊத்துவாங்க. ரம்ப இலை போட்டு வாசமா இருக்கும்” என்றார். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. என் பூட்டனாரும் அங்கே கடை வைத்திருந்தார் என்றேன். கைப்பேசியில் இருந்த பேரேட்டுப் பக்கத்தைக் காட்டினேன்.

அம்மாயிக்கு எழுத்துத் தெரியாது. பேத்தி வாசித்தாள். ஒரு தோட்டத்தின் பெயர். அதன் கீழே ‘மேமலை’, ‘கீழ்மலை’ என்று பிரிவு. பிறகு லயத்தின் எண், ஆளின் பெயர், எடுத்த சாமான், ரூபாய், சதம். சீலை, வேட்டி, கம்பளி, பிள்ளைச் சட்டை. பெரும்பாலும் ஐப்பசி மாதக் கணக்கு, தீபாவளிக்கு எடுத்தது. பக்கத்தின் ஓரத்தில் ஐந்து பெயர்களுக்கு எதிரே ஒரே சொல்: ‘இந்தியா’.

“இந்தியாவுக்குப் போனவங்க” என்றார் அம்மாயி. பிறகு நெடுநேரம் பேசவில்லை.

இந்த இடத்தில் வரலாற்றைச் சொல்லாவிட்டால் அந்த ஒற்றைச் சொல் விளங்காது. இலங்கை சுதந்திரம் பெற்ற 1948இலேயே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று காட்ட முடியாத தோட்ட மக்கள் குடியுரிமையை இழந்தார்கள். பிறப்புப் பதிவு என்பதே அறியாத மக்களிடம் பாட்டனின் பிறப்புச் சான்றைக் கேட்டது சட்டம். மறு ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 தொகுதிகளில் வென்றிருந்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவு. பிறகு, 1974இல், அந்த மீதியையும் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்த மக்களை ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் மீன் கூறு போடும்போதுகூட வாங்குகிறவரைக் கேட்டுத்தான் போடுவார்கள்.

1973, 74இல் நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள். தோட்டங்கள் அரசுடைமை ஆகிக்கொண்டிருந்தன. போகலாமா வேண்டாமா என்று தயங்கியவர்களையும் பசி கப்பலேற்றியது. தலைமன்னாரிலிருந்து ‘இராமானுஜம்’ கப்பல் இராமேசுவரத்துக்கு வந்தது. பிறகு மண்டபம் முகாம். அங்கிருந்து கூடலூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும் நூற்பாலைகளுக்கும் இன்னும் எங்கெங்கோவும் அனுப்பப்பட்டார்கள். ‘மண்டபம் கேம்ப்’ என்ற ரயில் நிலையத்தை நான் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். ‘கேம்ப்’ என்று ஏன் பெயர் என்று கேட்டதில்லை. ‘ரெப்கோ’ வங்கியின் பெயர்ப் பலகையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியோருக்காக 1969இல் தொடங்கப்பட்ட கூட்டுறவு வங்கி அது. அந்தப் பெயரின் தொடக்கத்தில் இருப்பது ‘தாயகம் திரும்பியோர்’ என்ற ஆங்கிலச் சொல்தான். தாயகம் என்று நாம் சொன்னோம். அம்மாயியின் அக்காள் பிறந்தது மஸ்கெலியாவில்.

அந்த அக்காள் குடும்பத்தோடு 1973இல் போனார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அம்மாயி தாழ்ந்த குரலில் சொன்னார்: “அக்கா காதுல செவப்புக்கல் தோடு ஒண்ணு போட்டிருந்துச்சு. அவ கலியாணத்துக்கு எங்க ஆத்தா போட்டது. அட்டன்ல ஒரு பாய் கடையில துணிக் கடனுக்கு ஈடா வச்சிருந்தாங்க. போறதுக்கு மொத வாரம் எங்க மாமா காசு தூக்கிட்டுப் போயிருக்காரு. கடைக்காரரு ஊருக்குப் போயிருக்காரு, பொட்டிச் சாவி அவருகிட்டன்னுட்டாங்க. பொறகு வாங்கிக்கலாம்னு கப்பலேறிட்டாங்க. எங்க வாங்குறது?”

எந்தக் கடை என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் ஹட்டனில் அப்படிப் பல கடைகள் இருந்தன. என் கையில் இருந்ததோ ஒரே ஒரு பக்கம். அதில் அவர்கள் தோட்டத்தின் பெயர் இல்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் எனக்கே பிடிக்கவில்லை.

அம்மாயி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒங்க பூட்டனைச் சொல்லல புள்ள. பாய்மாரு இல்லாட்டி எங்களுக்கு யாரு கடன் குடுத்தா? கங்காணி குடுத்தா கழுத்தப் புடிப்பான். பாய்மாரு லயத்துக்கே துணி மூட்டையத் தூக்கிட்டு வருவாங்க. ஒக்காந்து பேசுவாங்க. ஊர்க்கதை சொல்லுவாங்க” என்றார்.

கங்காணிக் கடனைப் பற்றி நூலகத்தில் வாசித்திருந்தேன். ‘துண்டு’ என்று ஒரு முறை இருந்தது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால், இவ்வளவு கடனைக் கட்டினால் விடுவிப்போம் என்று எழுதிய துண்டுச் சீட்டு வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் தீர்வதில்லை, கை மாறும். ஊரிலிருந்து அழைத்து வந்த வழிச்செலவில் தொடங்கும் கடன் அது. 1921இல் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள். ஆக, அந்த மக்கள் இந்த மண்ணில் கால் வைத்த நாளிலிருந்து யாருடைய பேரேட்டிலாவது ஒரு வரியாக இருந்திருக்கிறார்கள். என் பூட்டனாரின் பேரேடு அவற்றுள் கடைசியானவற்றில் ஒன்று.

துணி மூட்டையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்நியர் தோட்டத்துக்குள் நுழைந்தால் அத்துமீறல் குற்றம் என்றிருந்த காலம். தொழிற்சங்க முன்னோடியான தஞ்சாவூர்க்காரர் கோ. நடேசய்யர் தோட்டங்களுக்குள் புகத் துணி வியாபாரி வேடம் போட்டார். துணி மூட்டை ஒன்றுதான் அங்கே கடவுச்சீட்டு. அவர் மனைவி மீனாட்சி அம்மை தோட்ட மக்களின் நிலையைப் பாட்டாக எழுதி, கூட்டங்களில் தானே பாடினார். பெண்கள் மேடையேறாத காலத்தில் இது நடந்தது. நம் கல்லூரி ஆண்டு விழாவில் அவரைப் பற்றி யாராவது பேசினால் நன்றாக இருக்கும்.

என் பூட்டனாரும் அந்த நாட்டில் அந்நியர்தான். 1949இல் குடியுரிமை கோருவதற்கென்று வந்த சட்டத்தின் பெயரிலேயே ‘இந்திய, பாகிஸ்தானிய வாசிகள்’ என்று இருந்தது. கடைக்காரர், கூலிக்காரர் இருவருக்கும் ஒரே வசைச் சொல்: ‘கள்ளத்தோணி’. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கீழக்கரையில் அவருக்கு ஒரு வீடு இருந்தது, திறந்துவிட உம்மம்மா இருந்தார். அம்மாயியின் அக்காளுக்கு மண்டபம் முகாமில் ஒரு வரிசை எண் இருந்தது.

ஞாயிறு காலை ஹட்டனுக்கு வந்து கடை இருந்த இடத்தைத் தேடினோம். கண்டுபிடிக்க முடியவில்லை. வாப்பா சொன்ன அடையாளங்களில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. இதுவாக இருக்கலாம் என்று ஒரு முதியவர் காட்டிய இடத்தில் கைப்பேசிக் கடை இருந்தது. லுஹர் தொழுதுவிட்டு ரயிலேறினேன். தோழி தன் தாய் கொடுத்த ஒரு பொட்டலம் தேயிலையைக் கையில் திணித்தாள். ‘டஸ்ட்’ ரகம். உயர்ந்த ரகங்கள் கப்பலேறிவிடும், பறித்தவர்கள் குடிப்பது இது.

இன்னொரு செய்தி. 2023இல், இந்த மக்கள் வந்த 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பழைய வழியில் ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12 வரை ஒரு கூட்டம் நடந்தே போயிற்று. என் தோழி அதன் கடைசி இரண்டு நாள் நடந்திருக்கிறாள். குடியுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒருவாறு தீர்ந்துவிட்டது. அவள் கையில் இலங்கை அடையாள அட்டை இருக்கிறது. லயத்துக்குக் கீழே இருக்கும் நிலம் மட்டும் இன்னும் அவர்களுடையது இல்லை. “பூட்டி நடந்தது போறதுக்கு. நாங்க நடந்தது இங்கேயே இருக்கிறதுக்கு” என்றாள்.

மே மாதம் ஊர் திரும்பினேன். மறுநாளே வாப்பாவிடம் தகரப் பெட்டியை இறக்கச் சொன்னேன். பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினோம். வாப்பா தோட்டப் பெயர்களை வாசித்தார். நான் குறித்துக்கொண்டேன். கடைசிப் பத்துப் பக்கங்களைத் தலைகீழாகத் திருப்பி, பின்னாலிருந்து வேறு கணக்கு எழுதியிருந்தது. தலைப்பில் ‘அமானிதம்’ என்று இருந்தது. கொலுசு, அரைஞாண், வெண்கலச் செம்பு, மோதிரம். திருப்பிக் கொடுத்தவற்றின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. பெரும்பாலானவற்றில் கோடு இருந்தது. கோடு இல்லாதவை ஒன்பது. அவற்றில் ஒன்று: ‘தோடு சோடி 1. சி. கல்.’ தோட்டத்தின் பெயர் எனக்குத் தெரிந்த பெயர். தேதி 1972 ஐப்பசி.

உம்மா அடுக்களையிலிருந்து வந்து நின்றார். யாரும் அந்தப் பழைய வாக்கியத்தைச் சொல்லவில்லை. பெட்டியில் நகை எதுவும் இல்லை. கடையை மூடியபோது எங்கே போயிற்று, யார் எடுத்தார்கள், விற்றார்களா என்று சொல்ல இப்போது எவரும் உயிரோடு இல்லை.

அந்தப் பக்கத்தைப் படமெடுத்துத் தோழிக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு ஒரு குரல் செய்தி வந்தது. அம்மாயியின் குரல்: “அது அக்காவுதுதான் புள்ள. அக்கா போயிச் சேந்து நாலு வருசமாச்சு. அவ மக கூடலூர்ல இருக்கா. அவகிட்டச் சொன்னேன். கல்லு எத்தினின்னு போட்டிருக்கான்னு கேக்குறா. ஒரு காதுல ஆறு இருந்துச்சாம்.”

பேரேட்டில் கல்லின் எண்ணிக்கை எழுதியிருக்கவில்லை. வாப்பாவிடம் அந்தக் குரலைக் கேட்கக் கொடுத்தேன். இரண்டு முறை கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “கீழக்கரையிலேர்ந்து கூடலூருக்கு மதுரை வழியாத்தானே போகணும்? எத்தன மணி நேரம் ஆகும்?” என்று கேட்டுவிட்டு, கடைவீதியில் நகைக்கடை வைத்திருக்கும் சாச்சாவுக்குத் தொலைபேசி போட்டார்.